கணைய ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிக்கல்கள்: யாருக்கு ஆபத்து அதிகம், எதை எப்போது கவனிப்பது? வீட்டாருக்கான முழுமையான வழிகாட்டி

சித்தப்பாவுக்கு விப்பிள், அதாவது கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் ஆபரேஷன், முடிந்து மூன்றாம் நாள் காலை. வயிற்றுக்குள்ளிருந்து நீரை வெளியே எடுக்க வைத்த டியூபின் முனையில் தொங்கும் டிரெய்ன் பையில் அதுவரை இளஞ்சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்த நீர், வடித்த கஞ்சியைக் கலந்ததுபோலக் கலங்கியிருந்தது. நர்ஸ் அளந்து 180 மில்லி என்று சார்ட்டில் எழுதினார். அதில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பினார். மாலை ரவுண்ட்ஸில் சர்ஜன் வந்தார். "லீக் இருக்கு. ஆனா ஆள் நல்லா இருக்கார், பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

லீக் இருக்கிறதாம், ஆள் நன்றாகவும் இருக்கிறாராம். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்று அன்று எனக்குப் புரியவில்லை. பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, இருபத்தாறு நாள் டிரெய்ன் பையை அளந்தவன், அவ்வளவுதான். உங்கள் நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவருடைய சர்ஜன்தான் சொல்ல முடியும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதல் படி: எந்த ஆபரேஷன் என்று தெளிவாகக் கேளுங்கள்

"கணையத்துல ஆபரேஷன்" என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஆபரேஷனுக்கு ஆபரேஷன் ஆபத்து வேறு.

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்றால் பெரும்பாலும் விப்பிள். ஜெர்மனியில் கவுஷ் என்ற சர்ஜன் 1909-லேயே இதுபோன்ற ஒன்றைச் செய்துவிட்டார். ஆனாலும் 1935-ல் அமெரிக்காவில் இதைப் பற்றி எழுதிய ஆலன் விப்பிள் பெயர்தான் நிலைத்தது. கணையத் தலை, சிறுகுடலின் முதல் பகுதி, பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை எடுத்துவிட்டு, மூன்று இடங்களில் ஒட்டுப்போடுகிறார்கள்: மீதிக் கணையத்தைக் குடலோடு, பித்தக்குழாயைக் குடலோடு, இரைப்பையைக் குடலோடு. மூன்றில் சர்ஜன்களின் தூக்கத்தைக் கெடுப்பது கணைய ஒட்டு. கணைய நீர் சாதாரண நீர் இல்லை. சாப்பிட்ட கறியைச் செரிக்கிற அதே நொதிகள்தான் அதில் இருக்கின்றன. வெளியே கசிந்தால் பக்கத்தில் இருக்கும் சதையையும் ரத்தக்குழாயின் சுவரையும் அரிக்கத் தொடங்கும்.

வால் பகுதியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனில் குடலோடு ஒட்டுப்போடும் வேலை இல்லை. கசிவு இதிலும் அடிக்கடி வரும், சொல்லப்போனால் விப்பிளைவிட அதிகம். ஆனால் குடல் நீரோடு கலக்காததால் நொதிகள் முழு வீரியம் பெறுவதில்லை. அதனால் உயிருக்கு ஆபத்து குறைவு. இதில் பல சமயம் மண்ணீரலையும் சேர்த்து எடுப்பார்கள். அப்படியென்றால் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளை முடிந்தவரை இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். அவசரத்தில் மறந்துபோகிற விஷயம் இது, நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

மூன்றாவது வகை நம் பக்கத்தில் அதிகம். கணையக் குழாயில் கல் அடைத்து, சின்ன வயதிலேயே வயிற்றுவலியும் சுகரும் வருகிற நாள்பட்ட கணைய அழற்சி. கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் 1960களில் விரிவாக எழுதிய நோய் இது. இவர்களுக்குக் குழாயைப் பிளந்து கல்லை எடுத்துக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன் செய்வார்கள். கணையம் கெட்டிப்பட்டு, குழாய் விரிந்திருப்பதால் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். கசிவு பயம் குறைவு. ஆனால் சுகரும் செரிமானக் கோளாறும் வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும்.

இரண்டாம் படி: எங்கே செய்வது

செலவைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் மெடிக்கேர் காப்பீட்டில் இருந்த முதியவர்களை வைத்து 2002-ல் வந்த பெரிய ஆய்வில், கணைய ஆபரேஷனை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 சதவீதம், அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8 சதவீதம். இத்தனைக்கும் அந்த "அதிகம்" என்பது ஆண்டுக்குப் பதினாறுக்கு மேல், அவ்வளவுதான். மற்ற பெரிய ஆபரேஷன்கள் பலவற்றில் இடைவெளி இந்த அளவுக்கு இல்லை.

சர்ஜனின் கை மட்டும் இதற்குக் காரணம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் கசிந்தால் சிடி எடுக்க ஆள் இருக்கிறார்களா, ரத்தக்குழாய் வழியாகவே அடைக்கத் தெரிந்த ரேடியாலஜிஸ்ட் வருவாரா, ஐசியூவில் படுக்கை கிடைக்குமா என்பதுதான் வித்தியாசம். எனவே "வருஷத்துக்கு எத்தனை விப்பிள் பண்றீங்க சார்? ராத்திரி ப்ளீடிங் ஆனா ஆஞ்சியோ பண்ண ஆள் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார். தனியார் மருத்துவமனையில்தான் நடக்கும் என்றும் இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இரைப்பை குடல் அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. கட்டடத்தின் பளபளப்புக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை.

மூன்றாம் படி: ஆபரேஷனுக்கு முன் மாற்ற முடிந்தவை

மஞ்சள் காமாலைதான் பலரையும் மருத்துவமனைக்கு அழைத்துவரும். கண் மஞ்சளாகிறது, உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப்போகிறது. உடனே ஈஆர்சிபி செய்து (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு) பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்து மஞ்சளை இறக்கிவிட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், பிலிருபின் (காமாலையின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) ஏறக்குறைய 2.3 முதல் 14.6 வரை இருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் 39 சதவீதத்தினருக்குப் பெரிய சிக்கல் வந்தது. முதலில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களில் 74 சதவீதத்தினருக்கு. ஸ்டென்ட் வழியாகக் குடல் கிருமிகள் பித்தநீருக்குள் ஏறிவிடுவது ஒரு முக்கியமான காரணம். அந்த ஆய்வில் வைத்தது பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே ஸ்டென்டே கூடாது என்று முடிவுகட்ட வேண்டாம். குளிர்காய்ச்சலோடு பித்தக்குழாயில் சீழ்த்தொற்று இருந்தாலும், பிலிருபின் மிக அதிகமாக ஏறியிருந்தாலும், முதலில் கீமோ கொடுப்பதாக இருந்தாலும், ஆபரேஷன் தேதி வாரக்கணக்கில் தள்ளிப்போனாலும் ஸ்டென்ட் தேவைதான். "எங்களுக்கு எதுக்காக வைக்கிறீங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வைத்திருந்தால் ஆபரேஷன் குழுவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். விப்பிளின்போது கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் எது என்பதிலேயே வித்தியாசம் இருக்கிறது. 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழக்கமான செஃபாக்ஸிட்டினுக்குப் பதில் பைப்பரசிலின்-டேசோபாக்டம் கொடுத்தபோது காயத்தொற்று 32.8 சதவீதத்திலிருந்து 19.8-ஆகக் குறைந்தது. நீண்ட நாள் காமாலை இருந்தவர்களுக்கு ரத்தம் உறைவது தாமதப்படும். விட்டமின் கே ஊசி போடுவது அதற்காக.

அடுத்தது சாப்பாடு. ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அல்லது ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் 3-க்குக் கீழே இருந்தால், காயம் ஆறுவதும் தொற்றை எதிர்ப்பதும் கடினம். இப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் சத்தேற்றிவிட்டு ஆபரேஷன் செய்வது நல்லது. நம் வீடுகளில் காமாலை என்றதும் எண்ணெய், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் ரசம் சாதமும் மோரும் கொடுக்கிறோம். கீழாநெல்லி வைத்தியம் வேறு. சித்தி அப்படித்தான் மூன்று வாரம் கொடுத்தாள், சித்தப்பா ஆறு கிலோ இறங்கினார். கட்டியால் வந்த காமாலைக்குப் பத்தியத்தால் பயன் இல்லை, உடம்பு கரைவதுதான் மிச்சம். டயட்டீஷியனைப் பார்த்துப் புரதம் கூட்டுங்கள்.

பீடி சிகரெட்டை நான்கு வாரம் முன்பாவது விட வேண்டும். மூன்று பந்து இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியை முன்கூட்டியே வாங்கிப் பழகச் சொல்லுங்கள். அது ஊதுவதற்கு இல்லை, உள்ளே இழுப்பதற்கு. வார்டில் பாதிப்பேர் தலைகீழாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவது, இதயம், சிறுநீரகம் பார்ப்பது எல்லாம் எந்த ஆபரேஷனுக்கும் உள்ளதுதான். வயதை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்குவதில்லை. மாடிப்படி ஏறுகிற எழுபத்தைந்து வயதுக்காரர், மூச்சு வாங்குகிற அறுபது வயதுக்காரரைவிட நன்றாகத் தாங்குவார்.

நான்காம் படி: ஆபரேஷன் முடிந்த அன்று கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

தியேட்டரிலிருந்து சர்ஜன் வெளியே வந்ததும் நாம் கேட்பது "நல்லபடியா முடிஞ்சுதா சார்?" ஒன்றுதான். அவரும் தலையசைப்பார். இன்னும் மூன்று கேள்வி கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். கணையம் மெத்தென்று இருந்ததா, கெட்டியாக இருந்ததா? கணையக் குழாய் எத்தனை மில்லிமீட்டர்? ரத்தம் எவ்வளவு போனது?

நோய் முற்றி இறுகிப்போன கணையம் தையலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆரோக்கியமான, மெத்தென்ற கணையம் நுங்கில் தையல் போடுவதுபோல. ஊசி போன வழியே கிழியும். போதாததற்கு அது நல்ல கணையம் என்பதால் நீரையும் நிறையச் சுரக்கும். கணையப் புற்றுநோய் குழாயை அடைத்து, பின்பகுதியைக் கெட்டியாக்கி, குழாயை விரித்துவிடுகிறது. அதனால் ஒட்டுப்போடுவது எளிது. சித்தப்பாவுக்குக் கட்டி கணையத்தில் இல்லை. பித்தக்குழாயும் கணையக் குழாயும் சேர்ந்து குடலில் திறக்கும் வாயில் இருந்தது. "கணையத்துக்கே போகலையாம், நல்ல சேதி" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். நோயைப் பொறுத்தவரை நல்ல சேதிதான். ஒட்டைப் பொறுத்தவரை அதுதான் ஆபத்து.

இதை மதிப்பெண்ணாகவே போடுகிறார்கள். 2013-ல் வெளியான கசிவு ஆபத்துக் கணக்கு இப்படி: கணையம் மெத்தென்று இருந்தால் 2. நோய் கணையப் புற்றோ கணைய அழற்சியோ அல்லாமல் வேறாக இருந்தால் 1. குழாய் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் பூஜ்யம், 4 என்றால் 1, 3 என்றால் 2, 2 என்றால் 3, அதற்கும் கீழே 4. ரத்த இழப்பு 400 மில்லி வரை பூஜ்யம், 700 வரை 1, 1000 வரை 2, அதற்கு மேல் 3. மொத்தம் பத்துக்கு. பூஜ்யம் என்றால் ஆபத்து மிகக் குறைவு, 1, 2 என்றால் குறைவு, 3 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 10 வரை அதிகம். சித்தப்பாவுக்கு மெத்தென்ற கணையம் 2, நோய் 1, மூன்று மில்லிமீட்டர் குழாய்க்கு 2, ரத்தம் 350 மில்லி என்பதால் பூஜ்யம். ஆக 5. பின்னாளில் டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்துக்கொண்டு நானே போட்ட கணக்கு. மூன்றாம் நாள் லீக் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பின்னால் வந்த வேறொரு கணக்கில் ரத்த இழப்பையும் நோய் வகையையும் விட்டுவிட்டு உடல் பருமனைச் சேர்த்திருக்கிறார்கள். பருமனானவர்களுக்குக் கணையத்திலும் கொழுப்பு படிந்து மெத்தென்று ஆகிவிடும்.

ஐந்தாம் படி: வார்டில் முதல் இரண்டு வாரம்

நல்ல மையங்களிலும் விப்பிள் செய்துகொண்டவர்களில் பத்துக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு ஏதாவதொரு சிக்கல் வருகிறது. ஆனால் இறப்பு ஐந்து சதவீதத்துக்குக் கீழேதான். அதாவது சிக்கல் வந்த பெரும்பாலோர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெதர்லாந்தில் இந்த ஆபரேஷன் செய்யும் 17 மையங்களிலும் தினமும் நோயாளியைக் குறிப்பிட்ட விதிப்படி பரிசோதித்து, சந்தேகம் வந்தால் உடனே சிடி, தேங்கிய நீரை எடுக்க உடனே டியூப் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. ரத்தப்போக்கு, உறுப்புச் செயலிழப்பு, இறப்பு ஆகியவற்றில் ஏதாவதொன்று நேர்ந்தவர்கள் 14 சதவீதத்திலிருந்து 8-ஆகவும், இறப்பு மட்டும் 5-லிருந்து 3-ஆகவும் இறங்கியது. புது மருந்தோ புதுக் கருவியோ எதுவும் இல்லை.

கசிவை எப்படித் தெரிந்துகொள்வது? மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ டிரெய்ன் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்ப்பார்கள். ரத்தத்தில் இருக்கக்கூடிய உச்ச அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணைய நீர் கசிகிறது என்று அர்த்தம். அதனால் உடம்பில் ஒரு பாதிப்பும் இல்லையென்றால் 2016-க்குப் பிறகு அதைச் சிக்கலாகவே கணக்கில் எடுப்பதில்லை. டியூப் மூன்று வாரத்துக்கு மேல் இருக்க வேண்டியிருந்தாலோ, தொற்று வந்தாலோ, ஸ்கேன் பார்த்துப் புது டியூப் போட வேண்டியிருந்தாலோ அது பி நிலைக் கசிவு. மறு ஆபரேஷன், உறுப்புச் செயலிழப்பு என்று போனால் அதைவிடத் தீவிரமான சி நிலை. "லீக் இருக்கு, ஆள் நல்லா இருக்கார்" என்று சர்ஜன் சொன்னதன் பொருள் இதுதான்: நீர் டியூப் வழியாக வெளியே வந்துவிடுகிறது, வயிற்றுக்குள் தேங்கவில்லை.

எனவே டியூபை மதியுங்கள். புரண்டு படுக்கும்போது மடங்கிவிடக் கூடாது, பை வயிற்றைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, காலை மாலை அளவு, நிறம், காய்ச்சல், நாடித்துடிப்பு, சுகர் என்று கோடு போட்டு எழுதினேன். திடீரென்று நீர் வருவது நின்றுபோய்க் காய்ச்சலும் வந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், டியூப் அடைத்திருக்கலாம்.

நாடித்துடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். படுத்திருக்கும் ஆளுக்குத் துடிப்பு 110, 120 என்று ஓடினால், காய்ச்சலே இல்லாவிட்டாலும், ஆள் "ஒண்ணும் இல்லப்பா, வாயுதான்" என்று சொன்னாலும், நர்ஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்து ரத்தம். முதல் 24 மணி நேரத்தில் வருவது பெரும்பாலும் ஏதாவது தையலோ கட்டோ சரியாக நிற்காததால். அதைவிடப் பொல்லாதது ஒரு வாரம், பத்து நாள் கழித்து வருவது. கசிந்த கணைய நீர் ரத்தக்குழாயின் சுவரை அரித்து, அது பலூன்போல உப்பி, ஒருநாள் வெடிக்கும். வெடிக்கும் முன் பல சமயம் ஒரு சின்ன எச்சரிக்கை தரும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குப் பதினோராம் நாள் டிரெய்னில் அரை டம்ளர் அளவு சிவப்பு ரத்தம் வந்தது. பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிட்டது. அவர் மனைவி துண்டால் துடைத்துவிட்டு, "நின்னுடுச்சு, டாக்டர் வந்ததும் சொல்லிக்கலாம்" என்றார். அந்த நேரம் பிபி பார்க்க வந்த நர்ஸ் பையைப் பார்த்ததும் ஓட்டமாக ஓடினார். கால் மணி நேரத்தில் கட்டிலோடு சிடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தொடை வழியாகக் கம்பி விட்டு அந்தக் குழாயை அடைத்தார்களாம். மூன்று நாள் கழித்து வார்டுக்குத் திரும்பி வந்தார். டிரெய்னிலோ வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் சொட்டு வந்து நின்றாலும், கருத்துப்போய் வந்தாலும், அது அவசரம்தான்.

வயிறு வேலை செய்யத் தாமதமாவது அடிக்கடி வரும், உயிருக்கு ஆபத்து இல்லாதது, ஆனால் ஆளைச் சலிக்கவைப்பது. மூக்கு டியூபை எடுக்க முடியாது, எடுத்தால் வாந்தி. சிலருக்கு இரண்டு வாரத்தையும் தாண்டும். இரைப்பை தானே மெல்லச் சரியாகும். ஆனால் உள்ளே எங்காவது நீர் தேங்கியிருப்பதாலும் இப்படி ஆகலாம் என்பதால் ஒருமுறை சிடி பார்ப்பார்கள். இந்தச் சமயத்தில் வீட்டிலிருந்து பாசத்தோடு இட்லி கொண்டுவந்து ஊட்டாதீர்கள்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

உடல் சூடு 100.4 டிகிரியைத் தாண்டினால், குளிர் நடுக்கம் வந்தால், கண் மறுபடி மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் காத்திருக்க வேண்டாம். கால் வீக்கம் ரத்தக்கட்டாக இருக்கலாம். புற்றுநோய் ஆபரேஷன் செய்தவர்களுக்கு நான்கு வாரம் வரை வயிற்றில் ஊசி போடச் சொல்வது அதைத் தடுக்கத்தான். வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

மலம் எண்ணெய் பிசுக்காக, வெளிறி, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதந்தால் நொதி போதவில்லை. அதற்குத் தரும் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ போடக் கூடாது. முதல் கவளத்தோடு போட வேண்டும், நேரமெடுத்துச் சாப்பிட்டால் நடுவிலும் ஒன்று. இந்த மருந்து பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. சைவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தயக்கம் இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டால் எடை சரிந்துகொண்டே போகும். முன்பு சுகர் இல்லாதவர்களுக்கும் இப்போது வரலாம். இருந்தவர்களுக்குத் திடீரென்று இறங்கவும் செய்யும். குளுக்கோமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

சித்தப்பா பதினைந்தாம் நாள் டியூபோடுதான் வீட்டுக்கு வந்தார். சட்டைக்குள் பையைச் செருகிக்கொண்டு தெருமுனை டீக்கடைவரை நடப்பார். நோட்டில் 180 என்று தொடங்கிய எண் 90, 40, 25 என்று இறங்கி, கடைசி மூன்று நாள் ஐந்துக்கு வந்தது. இருபத்தாறாம் நாள் ஓபியில் டியூபை உருவினார்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், அவர் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் இரண்டு நாள் பஞ்சு நனைந்தது, அப்புறம் காய்ந்துவிட்டது. அடுத்த வாரம் கீமோவுக்குத் தேதி கொடுத்தார்கள்.